பெரிய டயர், நடுங்கும் ஸ்டீயரிங்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

புது டயர் போட்டதிலிருந்து வண்டி நடுங்குகிறது. என்ன செய்யலாம்?

என்ன வண்டி, எந்த அளவு டயர், எந்த வேகத்தில் நடுங்குகிறது? மூன்றில் ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை. நடுக்கம் கையில் தெரிந்தால் முன் சக்கரங்களைப் பாருங்கள், இருக்கையில் தெரிந்தால் பின் சக்கரங்களை. மற்ற விவரங்களோடு மறுபடி எழுதுங்கள்.

பொலிரோவில் 215/75 ஆர்15 டயர்களைக் கழற்றிவிட்டு 235/75 ஆர்15 போட்டேன். 80 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குகிறது, 100-ஐத் தாண்டினால் குறைகிறது. மூன்று முறை அலைன்மென்ட் செய்தும் பயனில்லை. (தேனி)

மூன்று முறை! இந்தக் கடிதம் மாதாமாதம் வருகிறது, ஊர்தான் மாறுகிறது. அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்பதைத் திருத்தும் வேலை. அது கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயரின் ஓரம் தேயும். குறிப்பிட்ட வேகத்தில் எழுந்து, அதைத் தாண்டினால் அடங்கும் நடுக்கத்துக்கு அது மருந்தே அல்ல. நடுக்கம் என்று சொன்ன வாடிக்கையாளரை அலைன்மென்ட் மேடையில் ஏற்றிப் பணம் வாங்குவது தவறு. இதை எத்தனை தடவை எழுதினாலும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

உங்களுக்கு வேண்டியது பேலன்சிங், அதாவது ரிம்மில் சிறு எடைகளை ஒட்டிச் சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமமாக்கும் வேலை. டயரின் சுற்றோரத்தில் 30 கிராம் கூடியிருந்தால், 90 கி.மீ. வேகத்தில் அது ஏறத்தாழ 5 கிலோ விசையோடு சக்கரத்தை இழுக்கும். அதுவும் வினாடிக்குப் பத்துப் பதினொரு தடவை. பாதி வேகத்தில் அந்த விசை கால் பங்குதான், அதனால்தான் ஊருக்குள் ஒன்றும் தெரிவதில்லை.

பழைய எடைகளை எல்லாம் பிடுங்கிவிட்டு, ரிம்மின் உள்ளும் புறமும் தனித்தனியாக எடை வைக்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் நடுங்கினால் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயருக்கு அருகில் ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம் வளைந்திருக்கிறது அல்லது டயர் ரிம்மில் சரியாக உட்காரவில்லை. சக்கரம் சீராகச் சுற்றினால் முன் சக்கரங்களைப் பின்னுக்கு மாற்றி ஓட்டுங்கள். நடுக்கம் இருக்கைக்குப் போனால் குறை சக்கரத்தில். கையிலேயே நின்றால் டை ராட் எண்டையும் (ஸ்டீயரிங் கம்பியைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) வீல் பேரிங்கையும் பாருங்கள். சக்கரம் மாட்டியதும் நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். 100 கி.மீ. ஓடியபின் மறுபடி இறுக்குங்கள்.

பிரேக் போட்டால் மட்டும் நடுங்குகிறது.

டயரைக் குறை சொல்லாதீர்கள். பிரேக் டிஸ்க்கைப் பாருங்கள்.

மழையில் தோட்டத்துக்குப் போய்வந்த மறுநாள் நடுக்கம் தொடங்கியது. (பொள்ளாச்சி)

ரிம்மின் உட்புறத்தில் சேறு காய்ந்திருக்கும். கழுவுங்கள்.

பழைய ஜீப்பில் 31 அங்குல டயர். பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங் இரு பக்கமும் வெட்டி வெட்டி அடிக்கிறது, வண்டியை நிறுத்தினால்தான் நிற்கிறது.

இது ஆபத்து. சரிசெய்யும் வரை ஓட்டாதீர்கள். பட்டைவில்லும், இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சும் கொண்ட வண்டியில் கிங்பின் பேரிங் (முன் சக்கரம் திரும்பும் மூட்டின் பேரிங்), டை ராட் எண்ட், ஷேக்கிள் புஷ் (பட்டைவில்லின் முனையில் உள்ள புஷ்) ஆகியவற்றில் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது. சின்ன டயர் அந்தத் தேய்மானத்தை இதுவரை மறைத்து வைத்திருந்தது. ஸ்டீயரிங்கின் அதிர்வை அடக்கும் டேம்பரைப் புதிதாகப் போட்டால் சில மாதம் அடங்கும், தேய்ந்த பாகம் அப்படியே இருக்கும். சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்தும் ஸ்பேசர் போட்டிருந்தால் கழற்றுங்கள்.

லாரியின் முன் சக்கரங்களில் ரீட்ரெட் டயர் (தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டியது) போட்டேன். 30 கி.மீ. வேகத்திலேயே குலுங்குகிறது. (நாமக்கல்)

இவ்வளவு குறைந்த வேகத்தில் குலுங்கினால் டயர் வட்டமாக இல்லை, அல்லது உள்ளே அடுக்கு பிரிந்து எங்கோ வீங்கியிருக்கிறது. கையால் தடவிப் பாருங்கள், மேடு தட்டுப்பட்டால் இன்றே கழற்றுங்கள். முன் அச்சில் ரீட்ரெட் வேண்டாம் என்று முன்பே எழுதியிருக்கிறேன். அங்கே டயர் வெடித்தால் ஸ்டீயரிங் கையில் நிற்காது. புதிய டயர் மாட்டிய பிறகு, 100 கி.மீ. கழித்து நட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.