லாயேயில் இறங்கியதும் எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: நாங்கள் தஞ்சைப் பக்கத்து லுத்தரன் சபையைச் சேர்ந்தவர்கள். நான் நர்ஸ், கணவர் வேதபாட ஆசிரியர். பப்புவா நியூ கினியில் லாயே நகரை ஒட்டிய ஒரு சபையிலிருந்து மூன்று வருட ஊழியத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. 6 வயது மகனும் வருகிறான். போனதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சகோதரி, எதைத் தொடங்கக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். பிரசங்கத்தைத் தொடங்காதீர்கள், ஆறு மாதமாவது பொறுங்கள். சுவிசேஷம் கேளாத ஊருக்கு நீங்கள் போகவில்லை. ஜெர்மன் லுத்தரன் மிஷனரி யோகான் ஃபிளியர்ல் அந்நாட்டின் ஃபின்ஷ்ஹாஃபன் கரையில் வந்து இறங்கியது 1886 ஜூலையில். முதல் ஞானஸ்நானம் நடந்தது 1899-ல். அந்தப் பதிமூன்று வருடக் காத்திருப்பில் வேர்விட்ட சபை 1956-ல் தனிச் சபையாக அமைந்தது. அதன் தலைமையகம் லாயேயின் அம்போவில் இருக்கிறது. அந்த வீட்டுக்கு நீங்கள் விருந்தாளிகள். உள்ளூர் போதகர் எதைச் சொல்கிறாரோ அதுதான் உங்கள் வேலை.

விசாவை மத ஊழியர் பிரிவில்தான் எடுக்க வேண்டும். அழைக்கும் சபையே ஸ்பான்சர். கையில் விசா வரும்வரை டிக்கெட் போடாதீர்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். போலீஸ் சான்றிதழை இங்கே பாஸ்போர்ட் அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு இன்னொரு படியும் உண்டு: அந்நாட்டு நர்சிங் கவுன்சிலில் பதிவு. அது முடியாமல் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஓர் ஊசி போட்டாலும் சிக்கல் உங்களுக்கு மட்டுமல்ல, அழைத்த சபைக்கும்தான்.

தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து லாயேக்குச் சாலை கிடையாது, உள்நாட்டு விமானம்தான். நட்சாப் விமான நிலையத்திலிருந்து ஊருக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். சபை வண்டி வரட்டும், இருட்டிய பிறகு அந்தச் சாலையில் பயணம் வேண்டாம். பெட்டியில் இருக்கும் எல்லா உணவுப் பொருளையும் நுழைவுப் படிவத்தில் எழுதுங்கள். நட்டு வளர்க்கலாமென்று கறிவேப்பிலைக் கன்றோ முருங்கை விதையோ கொண்டுபோனால் பயிர்ப் பாதுகாப்பு அதிகாரிகள் பிடுங்கிக்கொள்வார்கள். நம் மிக்சி அங்கே ஓடும். பிளக் மட்டும் ஆஸ்திரேலிய மாதிரி, சாய்ந்த தட்டைக் கால்கள். அடாப்டர் நாலைந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மலேரியாவில் அலட்சியம் கூடவே கூடாது. லாயே கடலோர ஊர், பேய்மழை பெய்யும். ஃபால்சிபாரம், வைவாக்ஸ் என்ற இரண்டு மலேரியா வகைகளும் உண்டு. குளோரோக்வின் மாத்திரைக்கு அடங்காத வைவாக்ஸ் 1989-லேயே இந்த நாட்டில் பதிவாகிவிட்டது, ஆகவே அந்த மாத்திரையை நம்பிப் போகாதீர்கள். பெரியவர்களுக்குத் தடுப்பு மாத்திரையாக டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் தினமும், கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து. சாப்பிட்டதும் நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள், உடனே படுக்காதீர்கள், உணவுக்குழாய் புண்ணாகும். 8 வயதுக்குக் கீழே இது பொதுவாகத் தரப்படுவதில்லை. மகனுக்கு எடைக்கேற்ற அடோவாகோன்-புரோகுவானில் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். மூன்று வருடமும் மாத்திரையிலேயே ஓட்டுவதா என்பதையும் அவரிடமே முடிவு செய்யுங்கள்.

இன்னொரு காரியம் பலர் செய்யாமல் போய்விடுகிறார்கள்: ஜி6பிடி என்ற நொதி ரத்தத்தில் குறைவா என்று மூன்று பேரும் இங்கேயே பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வைவாக்ஸ் கல்லீரலில் பதுங்கி மாதக்கணக்கில் கழித்துத் திரும்ப வரும். அதை ஒழிக்கத் தரும் பிரைமாக்வின், அந்த நொதி குறைந்தவர்களுக்கு ரத்த அணுக்களையே உடைத்துவிடும். மருந்து பூசிய கொசுவலை அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. அங்கே சில கொசு இனங்கள் முன்னிரவிலேயே, வாசலில் உட்கார்ந்திருக்கும்போதே கடிக்கின்றன. மாலை ஜெபக்கூட்டத்துக்கு முழுக்கைச் சட்டை போடுங்கள். காய்ச்சல் வந்தால் மாத்திரை சாப்பிடுகிறோமே என்று இருக்காமல் அன்றைக்கே ரத்தம் பாருங்கள்.

இனி மொழி. எண்ணூறுக்கு மேல் மொழிகள் பேசும் அந்த நாட்டை இணைப்பது டோக் பிசின் என்ற பொதுமொழி. தினம் இரண்டு மணி நேரம், ஆசிரியர் ஒருவரோடு உட்கார்ந்து படியுங்கள். அது உடைந்த ஆங்கிலம் என்று எண்ணிவிட்டால் காலத்துக்கும் தப்பாகவே பேசுவீர்கள். ஆங்கிலேயர் தடுமாறும் ஓரிடம் நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது: ‘யூமி’ என்றால் நாம், ‘மிபெலா’ என்றால் நாங்கள். ஜெபத்தில் கடவுளைப் பார்த்து ‘யூமி பாவம் செய்தோம்’ என்றால் கடவுளையும் சேர்த்துக்கொண்டதாகிவிடும். நாம் ‘நாங்கள் பாவம் செய்தோம்’ என்போமே, அங்கே அது மிபெலா. உணர்ச்சிக்கெல்லாம் இருப்பிடம் ‘பெல்’, அதாவது வயிறு. கோபம் ‘பெல் ஹாட்’, மனம் ஒத்துப்போவது ‘வன்பெல்’, மனந்திரும்புதல் ‘டானிம் பெல்’. வயிறெரியும் என்று சொல்லிப் பழகிய நமக்கு இது அந்நியமே இல்லை. தாய்மாமனுக்கும் ‘காண்டேரே’ என்று தனிச்சொல் உண்டு, மரியாதையும் உண்டு. ஒரு வீட்டுக்குப் போனால் அவர் யாரென்று விசாரித்து வணங்குங்கள்.

பெண்கள் தொடை தெரிய உடுத்துவது பெரிய அவமரியாதை. உங்கள் சுடிதார் போதும். கீழே வைத்த உணவையும், உட்கார்ந்திருக்கும் ஆளின் காலையும் தாண்டாதீர்கள். மகனுக்கும் இதைச் சொல்லிப் பழக்குங்கள்.

பணம் கேட்டு வருவார்கள். ‘வான்டோக்’ என்ற ஒருமொழிச் சொந்தம் கேட்டால் கொடுப்பதே அங்கே ஒழுக்கம், கேட்பவரைப் பேராசைக்காரர் என்று நினைக்க வேண்டாம். ஆனால் வீட்டு வாசலில் ரொக்கம் கொடுக்கத் தொடங்கினால், கிடைக்காதவரின் குடும்பத்தோடு பகை வரும். உதவி சபைக் குழு வழியாகத்தான் என்று முதல் வாரமே போதகரை வைத்துச் சொல்லிவிடுங்கள்.

நர்ஸாக நீங்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் சாவு வீடு. என்ன நோய் என்பதோடு ‘யார் செய்தது’ என்ற கேள்வியும் எழும். ‘சங்குமா’ எனும் சூனியப் பழி பெரும்பாலும் ஆதரவற்றவர்கள் மேல், அதிலும் பெண்கள் மேல் விழுகிறது, உயிரையே வாங்குகிறது. சூனியத்தைக் குற்றமாக்கி 1971-ல் வந்த சட்டம் 2013-ல் ரத்தானது, நம்பிக்கை போகவில்லை. ‘காரணம் தெரியவில்லை’ என்ற சொல்லை அந்த வீட்டில் அவசரப்பட்டு விடாதீர்கள். நோயின் பெயர் தெரிந்தால் டாக்டரையும் போதகரையும் வைத்துக் குடும்பத்துக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். யார் பெயராவது முணுமுணுக்கப்பட்டால் அன்றிரவே போதகருக்கும் போலீசுக்கும் தகவல் போக வேண்டும்.

முதல் ஞாயிறு உங்களைப் பேசச் சொல்வார்கள். பெயர், ஊர், பெற்றோர், அழைத்ததற்கு நன்றி, இரண்டே நிமிடம். ஆராதனை முடிந்து வரிசையாகக் கைகுலுக்கும் வழக்கம் பல சபைகளில் உண்டு. மகனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, கடைசி ஆள் வரும்வரை நில்லுங்கள்.