இறுகிப்போன ஸ்டியரிங்

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற மோரிஸ் மைனர் காரின் ஸ்டியரிங் சக்கரம், நடு நட்டைக் கழற்றிய பின்னும் அசையவில்லை. சுத்தியலால் தட்டலாமா?
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: தயவுசெய்து சுத்தியலை எடுக்காதீர்கள். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் தயாரான அந்தக் காரில், ஸ்டியரிங் தண்டின் நுனியில் தட்டினால் மரை நசுங்கும். அதிர்ச்சி கீழே முன்சக்கரங்களைத் திருப்பும் ரேக் (பல் சட்டம்), பினியன் (சிறு பற்சக்கரம்) ஆகியவற்றின் பற்கள்வரை இறங்கும். தண்டின் நெடுக்குப் பற்களும் ஸ்டியரிங் சக்கரத்தின் குடமும் (தண்டில் மாட்டும் நடுப்பகுதி) ஒன்றோடொன்று துருவால் பிணைந்திருப்பதே அது அசையாததற்குக் காரணம். டர்பனின் உப்புக் காற்றில் இது வியப்பன்று.

முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றி, முன்சக்கரங்களை நேராக வைத்து, குடத்துக்கும் தண்டுக்கும் பொதுவாக ஓர் அடையாளக் கோடு இடுங்கள். துருநீக்கும் எண்ணெயை மாலையில் விட்டு, இரவு முழுவதும் ஊறவிடுங்கள். பிறகு நட்டைச் சில மரைகள் மட்டும் திரும்பப் பூட்டுங்கள். இதை மறந்தால், திடீரென விடுபடும் சக்கரம் முகத்தில் மோதக்கூடும். புல்லர் என்ற, திருகால் இழுத்துக் கழற்றும் கருவியின் கால்களை, ஸ்டியரிங் சக்கரத்தின் கம்பிகளில் அல்ல, குடத்தின் அடியில் மாட்டி, திருகைச் சிறிது சிறிதாக இறுக்கி, இடையிடையே காத்திருங்கள். தீச்சுவாலை வேண்டவே வேண்டாம். பழைய பிளாஸ்டிக் விளிம்பு வெடித்துவிடும், அப்பாவின் கை பட்ட அந்த விளிம்புக்கு மாற்று கிடையாது. திரும்பப் பொருத்தும்போது பற்களில் செம்பு கலந்த கிரீஸ் தடவுங்கள்.