முதலில் ஒரு கால்டேரோ வாங்குங்கள்

தம்பி, டொமினிக்கன் குடியரசின் தலைநகர் சாண்டோ டொமிங்கோவுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது, மதியம் கடையில் சாப்பிடும் சோறும் சிவப்பு பீன்ஸும் மிகவும் பிடித்துவிட்டது, நம் மசாலா எதுவும் கிடைக்காத ஊரில் அதை வீட்டில் செய்ய எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். நான் இங்கே சமைக்க ஆரம்பித்துப் பதினாறு வருடம் ஆகிறது. நம் மசாலா இல்லாததே நல்லது என்பேன்.

முதலில் பாத்திரம். கால்டேரோ என்று கேளுங்கள். அடி கனத்த அலுமினியச் சட்டி. எண்ணெயும் உப்பும் போட்ட தண்ணீர் கொதித்ததும் கழுவிய அரிசியைப் போடுங்கள். தண்ணீர் வற்றியதும் ஒருமுறை புரட்டி, மூடி, தீயை நன்றாகக் குறைத்துவிடுங்கள். அடியில் பொன்னிறமாகப் பிடிக்கும் காந்தலுக்குக் கோன்கோன் என்று பெயர். நம் வீடுகளில் சோறு அடிப்பிடித்தால் திட்டு விழும்; இங்கே அதற்குத்தான் போட்டி. கரண்டி சுரண்டும் சத்தம் கேட்டதும் என் பிள்ளைகள் தட்டோடு வந்து நிற்பார்கள்.

அடுத்து பீன்ஸ், அதாவது அபிச்சுவேலா. இரவே ஊறவைத்து மெத்தென்று வேகவையுங்கள். எண்ணெயில் பூண்டு, வெங்காயம், காரமில்லாத நீள மிளகாய், ஓரிகானோ, கொஞ்சம் தக்காளி விழுது வதக்கி, வெந்த பீன்ஸைத் தண்ணீரோடு ஊற்றுங்கள். ஒரு துண்டு பூசணியும் போட வேண்டும். அது கரைந்துதான் குழம்பு கெட்டிப்படும். கரண்டியின் முதுகால் கொஞ்சம் பீன்ஸைச் சட்டியின் ஓரத்தில் வைத்து நசுக்கிவிடுங்கள்.

முதல் வருடம் நான் இதில் ஊரிலிருந்து கொண்டுவந்த கரம் மசாலாவைப் போட்டேன். ருசி பார்த்த பக்கத்து வீட்டு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நீள இலைக் கொத்தமல்லி ஒரு கட்டோடு வந்து, அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று செய்து காட்டினார். அந்த மணத்தை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

சோறு, பீன்ஸ், இறைச்சி மூன்றும் சேர்ந்தால் அந்தச் சாப்பாட்டுக்கு லா பந்தேரா, அதாவது தேசியக் கொடி என்று பெயர். இறைச்சி சாப்பிட மாட்டீர்கள் என்றால் கத்தரிக்காயை இதே தாளிப்பில் வதக்கி வைத்துக்கொள்ளலாம்.

ஒரு நாள் சந்தையில் ஒருவர் பச்சைக் காய்களை உரித்துக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்தால் துவரை! நம் ஊரில் பிறந்த பயிர், இங்கே குவாந்துலே என்ற பெயரில் இருக்கிறது. தேங்காய்ப்பாலில் அரிசியோடு சேர்த்து வேகவைப்பார்கள். கிறிஸ்துமஸ் இரவுச் சாப்பாட்டில் அது இருந்தாக வேண்டும். வீட்டு ஞாபகம் வாட்டும் நாளில் எனக்கு அதுதான் மருந்து.

காலையில் மங்கு செய்து பாருங்கள். பிளாந்தனோ என்ற பெரிய வாழைக்காயைப் பச்சையாக வாங்கி வேகவைத்து, சூட்டோடு வெண்ணெயும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு மசித்து, வினிகரில் புரட்டி வதக்கிய சிவப்பு வெங்காயத்தை மேலே போட வேண்டும். தோல் உரிக்கும் முன் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், வாழைக்காய்ப் பிசின் போலவே கறை பிடிக்கும். அப்புறம், ஆறவிட்டால் இறுகிவிடும், உடனே சாப்பிட்டுவிட வேண்டும்.

சான்கோச்சோ என்ற கெட்டியான இறைச்சிக் குழம்பை மட்டும் இப்போதைக்குத் தனியாகச் செய்ய வேண்டாம். மரவள்ளி முதல் சோளம் வரை பல சாமான், சில வகை இறைச்சி, பெரிய பானை, சுற்றிலும் ஆட்கள் எல்லாம் வேண்டும். ஒரு மழை நாளில் யாராவது கூப்பிடுவார்கள். போகும்போது நல்ல அவகாடோ இரண்டு வாங்கிப் போங்கள்.