மீன்தொட்டி வடிகால் குழாய்ச் சத்தம்: இரண்டு துளைகளையும் வடிகாலாக்கிவிடுங்கள்

வணக்கம் நண்பரே. உங்கள் மீன்தொட்டியின் ஓவர்ஃப்ளோ பெட்டியிலுள்ள (தொட்டியின் மேலிருந்து வழியும் தண்ணீரை வாங்கும் பெட்டி) ஒற்றை வடிகால் குழாய் ஓயாமல் களகளவென்று சத்தம் போடுகிறது, கரன்ட் போனால் சம்ப் (மீன்தொட்டிக்குக் கீழே உள்ள சிறு தொட்டி) வழிகிறது என்கிறீர்கள். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

தண்ணீரும் காற்றும் கலந்து இறங்குவதால்தான் அந்தச் சத்தம். ரிட்டர்ன் குழாயை (சம்ப் தண்ணீரைப் பம்ப் மேலே ஏற்றும் குழாய்) இப்போதுள்ள துளையிலிருந்து எடுத்துத் தொட்டி விளிம்பின் மேலாகக் கொண்டுவந்துவிட்டால், பெட்டியிலுள்ள இரண்டு துளைகளும் வடிகாலுக்குக் கிடைக்கும். முதல் குழாய் முழு சைஃபன், அதாவது காற்று கலக்காமல் தண்ணீர் மட்டும் நிறைந்து இறங்கும் குழாய். அதில் சம்ப் பக்கம் ஒரு கேட் வால்வு (பல சுற்று திருகி மெல்ல மூடும் வால்வு) வையுங்கள். கால் சுற்றில் மூடிவிடும் பால் (ball) வால்வில் நுணுக்கமாகத் திருக முடியாது. குழாயின் அடிமுனை சம்ப் தண்ணீருக்குள் 2, 3 செ.மீ. மட்டும் இறங்கட்டும். ஆழமாகப் போனால் காற்று வெளியேறாமல் சைஃபன் பிடிக்கத் திணறும். இரண்டாவது குழாயின் வாய் உயரமாக இருக்கட்டும். அது முதல் குழாய் அடைத்துக்கொண்டால் ஆபத்துக்கு உதவ, அதில் வால்வே கூடாது. பெட்டியின் நீர்மட்டம் இதன் வாயை லேசாகத் தொட்டு, ஒரு நூலளவு தண்ணீர் இறங்கும்வரை கேட் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். சத்தம் அடங்கிவிடும்.

அப்புறம், சம்ப் வழிவது. ரிட்டர்ன் வாய் ஆழத்தில் இருந்தால், பம்ப் நின்றதும் தொட்டித் தண்ணீர் அதன் வழியே திரும்பி இறங்கும். வாயை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே உயர்த்துங்கள். செக் வால்வை (தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வு) மட்டும் நம்பாதீர்கள், அழுக்கு சேர்ந்தால் சரியாக மூடாது.

முடித்ததும் முதல் குழாயை முழுசாக அடைத்துப் பாருங்கள். இரண்டாவது தனியாகச் சமாளிக்காவிட்டால் பம்ப் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும்.