ஆப்பில் பாருங்கள், போனில் பேசுங்கள்

கேள்வி: அப்பா அம்மாவை மதுரை, ராமேஸ்வரம் கூட்டிப் போகிறேன். ஆப்பில் 2,400 ரூபாய் என்று காட்டிய அறை, பணம் கட்டும் இடத்துக்குப் போனதும் 2,800 ஆகிவிடுகிறது. எல்லாம் வரியா? லாட்ஜுக்கே நேராகப் பேசினால் குறையுமா?
– வாசகி, ஈரோடு

பதில்: வரி அதில் கொஞ்சம்தான். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு முன் 12. உங்கள் அறைக்கு 120 ரூபாய் வரும். மீதி 280 பெரும்பாலும் ஆப்காரர்களின் சேவைக் கட்டணமாக இருக்கும், 'வரியும் கட்டணமும்' என்று ஒரே வரியில் போட்டுவிடுவதால் நமக்கு எல்லாமே அரசாங்கத்துக்குப் போவது மாதிரி தெரிகிறது.

இது போக லாட்ஜ்காரரிடமும் ஆப்காரர்கள் கமிஷன் எடுப்பார்கள், 15 சதவீதமோ அதற்கு மேலோ. அந்தப் பணத்தில்தான் நீங்கள் பேரம் பேசப் போகிறீர்கள். வெறுமனே "பார்த்துப் போட்டுக் கொடுங்க" என்றால் எதுவும் நடக்காது. "இந்தத் தேதிக்கு ஆப்பில் இவ்வளவு காட்டுது, நேரா எடுத்தா என்ன தருவீங்க?" என்று தொகையைச் சொல்லிக் கேளுங்கள். அந்த லாட்ஜின் சொந்த வெப்சைட்டிலும் அதே ரேட்தானே என்று யோசிக்க வேண்டாம். ஆப் ரேட்டை விட வேறெங்கும் குறைத்து விற்கக் கூடாது என்று ஓட்டல்களைக் கட்டிப்போட்டதும் ஒரு காரணமாகத்தான் 2022 அக்டோபரில் அறை புக் செய்யும் மேக்மைட்ரிப்-கோஐபிபோ நிறுவனத்துக்கு, வியாபாரப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் இந்தியப் போட்டி ஆணையம் 223.48 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஆன்லைனில் குறைக்கத் தயங்குகிறவர்கூட போனில் இறங்கி வருவார். வாடகை குறையாவிட்டால் காலை டிபனையாவது சேர்க்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கு ரேட்டை விட முக்கியம் நேரம். ராத்திரி பஸ்ஸில் கிளம்பினால் விடியற்காலை மதுரையில் இறங்குவீர்கள், பல ஓட்டல்களில் செக்-இன் பகல் 12 மணிக்குத்தான், முன்னால் வந்தால் அரை நாளோ முழு நாளோ கூடுதல் வாடகை கேட்பார்கள். அதனால் '24 மணி நேர செக்-அவுட்' உள்ள லாட்ஜைப் பிடியுங்கள், கோயில் ஊர்களில் நிறைய உண்டு. காலை 5 மணிக்கு உள்ளே போனால் மறுநாள் 5 வரை அறை உங்களுடையது, அப்படியே ராமேஸ்வரம் கிளம்பிவிடலாம்.

அப்புறம், லிஃப்ட் இருக்கிறதா, வெஸ்டர்ன் டாய்லெட்டா, வெந்நீர் எத்தனை மணி வரை, இதையெல்லாம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். மதுரையில் மீனாட்சி கோயிலை ஒட்டிய சித்திரை வீதிகளில் வண்டி விடமாட்டார்கள், 'கோயில் வாசலிலேயே' என்று சொல்லும் லாட்ஜில் பெரியவர்கள் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று விசாரியுங்கள். பேசி முடித்த ரேட், வரி சேர்த்தா சேர்க்காமலா, வரும் நேரம், மூன்றையும் வாட்ஸ்அப்பில் போட்டு அவர்களை 'ஓகே' போடச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் போனில் பேசியவர் அன்றைக்கு டியூட்டியில் இருக்கமாட்டார்!

பயணம் உறுதி இல்லையென்றால் மட்டும், பணம் பிடிக்காமல் ரத்து செய்யும் வசதியோடு ஆப்பிலேயே எடுங்கள், அந்த ஒரு விஷயத்தில் ஆப் மேல்.

கேள்வி: நெட்டில் கிடைத்த லாட்ஜ் நம்பருக்குப் பேசினேன், முழுப் பணத்தையும் உடனே அனுப்பச் சொல்கிறார்கள்.
– வாசகர், கும்பகோணம்

பதில்: அனுப்பாதீர்கள். யாத்திரைத் தலங்களின் விடுதிகள் பெயரில் போலி வெப்சைட்டும் போலி நம்பரும் நிறைய உலவுகின்றன. அந்த நம்பரை வேறு இரண்டு இடங்களில் ஒத்துப் பாருங்கள், யுபிஐயில் லாட்ஜ் பெயர் வராமல் ஏதோ தனிநபர் பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு போன் அடியுங்கள்.

கேள்வி: மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சி சமயத்தில் ரேட் குறைய வழி உண்டா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: சனி, ஞாயிறில் கிடையாது. ஊரே இறங்கிக்கொண்டிருக்கும் ஞாயிறு சாயங்காலம் ஏறி, வியாழக்கிழமை திரும்புங்கள், பேசிப் பார்க்க இடம் இருக்கும். அறைக்கு முன்னால் இ-பாஸ் (ஊட்டிக்கு வண்டியில் வர ஆன்லைனில் எடுக்கும் அனுமதி) விதியைப் பார்த்தீர்களா? 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு அது இருக்கிறது.