கணுக்காலில் மட்டும் ஏன் கறுக்கிறது?

அழகுக்கலை: வாசகர் கேள்விகளும் கிளிநொச்சி அக்காவின் பதில்களும்

கேள்வி: அக்கா, சின்னதாக ஓர் அழகுக்கலை நிலையம் வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு கலியாணம். மாப்பிள்ளை எங்கள் ஊர், பெண் நோர்வேக்காரி. வெயிலில் காய்ந்த நிறம் வேண்டும், 'ஸ்பிரே டான்' அடித்துவிடுங்கள் என்றார். அவரே மெசினும் மருந்தும் கொண்டுவந்திருந்ததால் துணிந்து அடித்துவிட்டேன். அடுத்த நாள் காலை பார்த்தால் முதுகில் கோடு கோடாக இருந்தது. கணுக்காலிலும் முழங்கையிலும் சேறு அப்பியது போல், உள்ளங்கை செம்மஞ்சள். கூறைச்சேலை உடுத்திவிடும்போது எனக்குக் கை நடுங்கியது. ஆவணியில் இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். எங்கே பிழைவிட்டேன்?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: தங்கச்சி, நான் இங்கிலாந்தில் ஒரு சலூனில் வேலை பழகியபோது முதலில் அடித்துவிட்ட பெண் வரிக்குதிரை போலத்தான் வீட்டுக்குப் போனாள். அன்றைய சம்பளமும் போயிற்று. அதனால் உங்கள் நடுக்கம் எனக்குப் புரிகிறது.

அந்தப் போத்தலில் இருப்பது சுவர்ப் பெயின்ட் போன்ற சாயம் அல்ல. டைஹைட்ராக்சி அசிட்டோன் என்ற ஒருவகைச் சர்க்கரை. சுருக்கமாக டி.எச்.ஏ என்பார்கள். தோலின் மேற்புறத்தில் இருக்கும் இறந்த படையில் உள்ள புரதத்தோடு அது சேர்ந்து பழுப்பாகிறது. போறணையில் பாணின் மேல்தோல் சிவப்பதும் இதே வேலைதான். 1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் நோயுற்ற பிள்ளைகளுக்கு இதை மருந்தாகக் குடிக்கக் கொடுத்தபோது, சிந்திய இடத்தில் தோல் பழுப்பானதை ஈவா விட்கென்ஸ்டைன் என்ற ஆய்வாளர் கவனித்தார். அங்கிருந்து தொடங்கிய தொழில் இது.

மருதோன்றி வைத்த கையை நினைத்துப் பாருங்கள். உள்ளங்கையில் கடும் சிவப்பாகவும் புறங்கையில் வெளிறியும் பிடிக்கும். உள்ளங்கையில் இறந்த தோல் தடிப்பு. டி.எச்.ஏயும் அப்படித்தான், தடித்த தோலில் கூடுதலாகப் பிடிக்கும். கணுக்கால், முழங்கை, முழங்கால், விரல் மூட்டு எல்லாம் தடித்தும் வரண்டும் இருக்கும் இடங்கள். எனவே உங்கள் பிழையில் பாதி மெசினைக் கையில் எடுப்பதற்கு முன்பே நடந்துவிட்டது.

முதல் நாளே உடம்பு முழுவதையும் தேய்த்து இறந்த தோலை எடுக்கச் சொல்லுங்கள். மயிர் மழிப்பதும் முதல் நாளே முடிந்திருக்க வேண்டும். அடிக்கும் நாளில் எண்ணெய், கிரீம், வாசனைத் திரவியம் ஒன்றும் ஆகாது. கட்டிச் சவர்க்காரமும் வேண்டாம். அதன் காரம் தோலில் தங்கினால் நிறம் சரியாகப் பிடிக்காது. பிறகு தடித்த இடங்களிலும் உள்ளங்கை, உள்ளங்கால், நகங்களிலும் மட்டும் கிரீமை மெல்லிசாகப் பூசுங்கள். அடித்து முடித்த கையோடு ஈரத் துணியால் உள்ளங்கையை ஒற்றித் துடைத்துவிடுங்கள். செம்மஞ்சள் கையோடு தாலி கட்டிக்கொள்ள யாருக்கும் விருப்பமிராது.

முதுகுக் கோடுகளுக்கு வருகிறேன். இதை எனக்குச் சரியாக விளங்கப்படுத்தியவன் இங்கிலாந்தில் படிப்பித்த ஆசிரியை அல்ல, பரந்தனில் ஓட்டோவுக்குப் பெயின்ட் அடிக்கும் என் தம்பி. "கை நின்றால் வழியும், கை வளைந்தால் கோடு விழும்" என்பான். மெசினின் மருந்து தெளிக்கும் துப்பாக்கி தோலிலிருந்து 15 முதல் 20 சென்றிமீற்றர் தூரத்தில் இருக்கட்டும், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. மணிக்கட்டை விசிறி போல ஆட்டாமல் முழுக் கையையும் நகர்த்துங்கள். கை நகரத் தொடங்கிய பிறகு விசையை அழுத்தி, கை நிற்பதற்கு முன் விடுங்கள். ஒவ்வொரு வரியும் முந்திய வரியின் பாதியை மூட வேண்டும். நீங்கள் வரிக்கு வரி இடைவெளி விட்டிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். முழங்கையையும் முழங்காலையும் சற்று மடக்கச் சொன்னால் சுருக்கம் விரிந்து உள்ளேயும் படும். கணுக்காலும் பாதமும் கடைசி. மருந்து வரும் அளவைக் குறைத்து, ஒரு தடவை மேலோட்டமாகப் பனி விழுவது போல் விட்டால் போதும். ஓர் ஆளுக்கு மொத்தமாக 50, 60 மில்லிலீற்றர் தாராளம்.

ஆவணியில் அடிக்கப் போகிறீர்கள், சோளகக் காற்று நின்றிருக்காது. கதவைத் திறந்து வைத்தால் செம்மண் புழுதியும் சேர்ந்து ஒட்டும். துப்பாக்கியைத் தூரப் பிடித்தால் இந்த வரண்ட வெக்கையில் மருந்து தோலில் படுமுன்பே காய்ந்து மணல் மணலாக இறங்கும். கதவைச் சாத்தினால் வியர்க்கும், வியர்வை வழிந்த தடமெல்லாம் வெளிறிக் கிடக்கும். அதனால் நான் காலை ஆறரைக்கு அடித்து முடிக்கிறேன். காற்றில் மிதக்கும் மருந்துப் புகாரை வெளியே இழுக்க யன்னலில் ஒரு விசிறி வைத்திருக்கிறேன். மருந்துப் போத்தல் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கட்டும். தகரக் கூரையின் கீழ் வைத்தால் டி.எச்.ஏ கெட்டுவிடும், நிறம் பிடிக்காது.

எவ்வளவு கறுப்பு என்று கேட்டால், வெளிறிய தோலுக்கு 8 சதவீத மருந்தில் தொடங்குங்கள். 12, 14 எல்லாம் ஏற்கெனவே மாநிறமானவர்களுக்கு. வெள்ளைத் தோலில் அதை அடித்தால் தோடம்பழ நிறம்தான் வரும். அடித்தவுடன் தெரியும் பழுப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். எங்கே அடித்தோம் என்று காட்டுவதற்காகக் கலந்த சாயம் அது, முதல் குளிப்பில் போய்விடும். உண்மையான நிறம் சில மணி நேரத்தில் தெரியத் தொடங்கி 24 மணி நேரத்துக்குள் முழுதாகும். எட்டு மணி நேரம் தண்ணீர் படக்கூடாது.

இங்கேதான் நம் கலியாண வீட்டில் இடிக்கும். கலியாணத்தன்று காலை பாலறுகு வைத்துத் தோயவார்ப்பார்கள். அதற்கு முதல் நாள் இரவு அடித்தால் நிறம் முழுதாகு முன்பே பாலும் தண்ணீரும் மேலே விழும், கூறைச்சேலையிலும் பழுப்பு ஒட்டும். இரண்டு நாள் முந்தி அடித்து, ஒரு குளிப்பு முடிந்துவிட வேண்டும். தோயவார்த்த பிறகு துவாயால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. இதைப் பெண்ணிடம் சொல்லிப் பயனில்லை. துவாயோடு நிற்கும் மாமியிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் டி.எச்.ஏயை வெளித் தோலில் பூசத்தான் அனுமதித்திருக்கிறது. மூச்சில் இழுக்கவோ கண்ணிலும் உதட்டிலும் படவோ அனுமதி இல்லை. முகத்துக்கு அடிக்கும்போது அவர் கண்ணை மூடி மூச்சைப் பிடிக்கட்டும், மூக்கையும் உதட்டையும் மறைத்துவிடுங்கள். நாள் முழுக்க அந்தப் புகாரில் நிற்கப் போவது நீங்கள், முகக் கவசத்தை மறக்காதீர்கள். ஒவ்வாமை பார்க்க முதல் நாளே முழங்கை மடிப்பில் ஒரு துளி பூசிப் பாருங்கள்.

கேள்வி: நான் ஆணழகன் போட்டிகளுக்குப் போகிறவன். இயல்பிலேயே கறுப்பு. பயிற்சியாளர் டான் அடித்தே ஆக வேண்டும் என்றார். அடித்தேன், மேடையில் கையைத் தூக்கினால் அக்குள் பச்சை நிறம்! கூட்டம் சிரித்தது. எனக்கு இது தேவையா?
– வாசகர், வவுனியா

பதில்: தேவைதான் தம்பி. மேடை விளக்கு உங்கள் நிறத்தைப் பார்த்து இரங்காது. அந்த வெளிச்சத்தில் கறுத்த உடம்பும் வெளிறித் தட்டையாகிவிடும், தசைக்கும் தசைக்கும் இடையே உள்ள பள்ளம் தெரியாது. கலியாணப் பெண்ணுக்கு அழகான நிறம் மேடைக்குப் போதாது, அதனால்தான் போட்டிக்காரர் கடும் மருந்தில் இரண்டு மூன்று தடவை அடிக்கிறார்கள். முதல் நாள் மாலை ஒன்று, காய்ந்ததும் இன்னொன்று, போட்டியன்று காலை விடுபட்ட இடங்களுக்கு மட்டும். கிட்ட நின்று பார்த்தால் பயங்கரமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. பச்சைக்குக் காரணம் நீங்கள் அக்குளுக்கு அடித்த வாசனை ஸ்பிரே. அதுவும் டானும் சந்தித்தால் அந்த நிறம்தான் வரும். போட்டி முடியும்வரை அதைத் தொடாதீர்கள். பக்கத்தில் நிற்பவர் பொறுத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: லண்டனிலிருந்து வந்த மகள் தானே அடித்துக்கொண்டு அளவுக்கு மிஞ்சிக் கறுத்துவிட்டாள். நாளை மறுநாள் வீடு குடிபுகுதல். எலுமிச்சையும் அப்பச்சோடாவும் தேய்க்கச் சொல்கிறார்கள், செய்யலாமா?
– ஒரு தாய், மாங்குளம்

பதில்: வேண்டாம் அம்மா, தோல் எரிந்து அந்த இடம் உண்மையிலேயே கறுத்துப்போகும். தேங்காய் எண்ணெயை உடம்பு முழுக்கப் பூசி ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளிக்கவைத்து, சொரசொரப்பான துணியால் மெதுவாகத் தேயுங்கள். நாளை இன்னொரு தடவை செய்யலாம். முழுதாகப் போகாது, இரண்டு படி இறங்கும். மிச்சம் ஒரு கிழமையில் தோலோடு தானாக உதிரும். இந்த நிறம் வெயிலைத் தடுக்கும் என்று மகள் நினைத்திருந்தால் அது தவறு, வெயில் கிரீம் தனியாகப் பூச வேண்டும். குடிபுகுதலுக்கு நீளக் கைச் சட்டை போதும்.