பொருள் வகைகள், பிராண்டிங் எல்லாம் தேர்வுக்கு மட்டும்தானா, வேலையில் உதவுமா?

நீங்கள் எம்பிஏ முதல் ஆண்டு, நாளைக்குத் தேர்வு, நாலு வகைப் பொருள்களையும் நடந்துகொண்டே மனப்பாடம் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். உதவும். ஆனால் அதைப் பொருள்களின் பட்டியலாகப் படித்தால் உதவாது.

1923-இல் மெல்வின் கோப்லாண்ட் என்ற ஹார்வர்டு பேராசிரியர் மூன்று வகைதான் சொன்னார். யோசிக்காமல் கைக்கு எட்டியதை வாங்கினால் கன்வீனியன்ஸ், நாலு இடம் ஏறி இறங்கி ஒப்பிட்டு வாங்கினால் ஷாப்பிங், இதுதான் வேண்டும் என்று அடம்பிடித்துத் தேடிப் போனால் ஸ்பெஷாலிட்டி. நான்காவதான அன்சாட், அதாவது ஆயுள் காப்பீடு மாதிரி யாரும் தானாகத் தேடி வராதது, பிறகு சேர்ந்தது. நாலிலும் பேசப்படுவது வாங்குகிறவருடைய மெனக்கெடல்தான், கவனியுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், நான் வேலை பார்த்த நிறுவனம் தீயணைப்பு சிலிண்டர் விற்றது. வீட்டுக்காரருக்கு அது அன்சாட், நெருப்புப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டு யார் குடிபோகிறார்கள்? அதே சிலிண்டர் ஒரு அலுவலகக் கட்டட மேலாளரிடம் போனால் அந்த நாலு வகையிலும் சேராத தொழில்துறைப் பொருள், அதாவது ஒரு நிறுவனம் தன் வேலைக்காக வாங்குவது, ஏனென்றால் அவர் நாலு பேரிடம் கொட்டேஷன் வாங்குவார், சான்றிதழ் கேட்பார், சோதனைக்கு வரும் அதிகாரியிடம் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். எங்கள் மேலிடம் இந்த இரண்டு பேரையும் ஒரே ஆளாக நினைத்து, "பிராண்டிங் பண்ணப் போகிறோம்" என்று ஒரு விளம்பர ஏஜென்சியைக் கூட்டி வந்தது. புது லோகோ, சிரிக்கிற குடும்பம், சோப்பு விற்கிற மாதிரி ஒரு வாசகம். இதைப் பார்த்துவிட்டுக் கட்டட மேலாளர் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்கள்.

விற்பனைக்கு அலைந்த எங்களுக்குத் தெரியும், அந்த மேலாளருடைய பெரிய பயம் நெருப்புகூட இல்லை, பரிசோதனைத் தேதி தாண்டிப் போனதை அதிகாரி பார்த்துவிடுவாரோ என்பதுதான். பாடத்தில் கோர் (வாங்குவதால் கிடைக்கும் அடிப்படைப் பயன்), ஆக்சுவல் (கையில் வாங்கும் பொருள்), ஆக்மென்டட் (அதோடு கூடுதலாகத் தரும் சேவை) என்று மூன்று அடுக்கு வருமே, அதில் அவருக்குக் கோர் என்பது நிம்மதி, ஆக்சுவல் சிலிண்டர், ஆக்மென்டட் என்பது தேதிக்கு முன்பே நாங்களே கூப்பிட்டு ஆள் அனுப்புவது. போட்டியாளர்களிடமும் அதே சிலிண்டர்தான், வித்தியாசம் காட்ட முடிந்தது மூன்றாவதில் மட்டும். கடைசியில் சர்வீஸ் தேதியும் ஃபோன் நம்பரும் பளிச்சென்று தெரிகிற ஸ்டிக்கர் ஒட்டினோம், மறு ஆர்டர்கள் அந்த நம்பருக்குத்தான் வந்தன. லோகோ மாறியதைப் பற்றி ஒரு வாடிக்கையாளர்கூட என்னிடம் பேசியதில்லை.

உடனே "அப்போ பிராண்டே வேண்டாம் என்கிறாயா" என்று கமென்ட்டில் ஒருவர் வருவார். அப்படிச் சொல்லவில்லை சார். கோகோ கோலா 1985 ஏப்ரலில் சுவையை மாற்றியபோது ஏறக்குறைய 2 லட்சம் பேருக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மாற்றினார்கள். சோதனையில் புதுசு ஜெயித்தது, ஆனாலும் எதிர்ப்பு தாங்காமல் ஜூலையிலேயே பழையதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அங்கே பெயரோடும் பழக்கத்தோடும் உள்ள ஒட்டுதல்தான் பெரிய சொத்து. என் சிலிண்டர் விஷயத்தில் அந்த இடத்தில் இருந்தது ஸ்டிக்கர், அவ்வளவுதான் நான் சொல்வது.

அப்புறம் ஒரு நிறுவனத்தின் பொருள்களுக்கெல்லாம் ஒரே பெயரா தனித்தனிப் பெயரா என்ற கேள்வி வரும். பியானோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் யமஹா என்று ஒரே பெயர், பி அண்ட் ஜி (ப்ராக்டர் அண்ட் கேம்பிள்) நிறுவனமோ துணி துவைக்கிற பவுடருக்கே டைடு, ஏரியல் என்று தனித்தனியாக வைத்திருக்கிறது. இரண்டு வழியிலும் வியாபாரம் நடக்கிறது, அதனால் ஒன்றுதான் சரி என்று எழுதி மார்க்கைக் கோட்டை விடாதீர்கள்.

அந்த ஸ்டிக்கர் யோசனை மேலே போன அறிக்கையில் ஏஜென்சியின் பிராண்ட் உத்தி ஆகிவிட்டது, அதைக்கூட விட்டுவிடலாம். எனக்கு ஆறாதது வேறு. வேலைக்கு எடுக்கும்போது மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ் என்றார்கள், உள்ளே போனால் மாதத்தில் பாதி நாள் பாக்கி வசூலுக்கு அனுப்பினார்கள், வசூலாகவில்லை என்றால் இன்சென்டிவில் கை வைத்தார்கள், எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்த அத்தியாயம் இல்லை. நேர்முகத் தேர்வில் நாலு வகையைச் சொல்லச் சொன்னால் தாராளமாகச் சொல்லுங்கள், சொல்லிவிட்டு, இங்கே வசூல் யாருடைய வேலை என்று நீங்களும் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.